கழுவாமல் துடைத்த நாற்பத்தொரு வாய்கள்

ஆறு வயது நிறையும் பருவத்தில், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, குழந்தையின் வாயில் வரிசையின் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கிறது. அதன் வரவை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும், என்றாவது விழுந்து முளைக்கப்போகிற பாற்பல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஆயுள் முழுவதும் சோறு மெல்ல வேண்டிய பல் அது. போனால் போனதுதான். மேலப்பாளையத்து ஆபிதா பீவியின் இருபது ஆண்டு உழைப்பும் இந்த ஒரு பல்லைக் காப்பதிலேயே கழிந்தது.

ஆபிதாவின் தாய் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காத்தவர். நாற்பது வயதுக்குள் அவருடைய கடைவாய்ப் பற்கள் அனைத்தும் போய்விட்டன. பெருநாள் கறியை அவர் வாயிலிட்டுச் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு, யாரும் பாராதபோது சக்கையை எடுத்து ஓரமாக வைப்பார். அதை ஆபிதா பலமுறை பார்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பல் சுகாதாரப் பணிக்கான இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்தாள். திருமணமானதும் கணவர் ஹபீப் முகம்மது சவூதியில் தம்மாம் நகருக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். அவளோ பாளையங்கோட்டையில் டாக்டர் ஜெய்சனின் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, நாற்பத்திரண்டு வயதிலும் அங்கேயே இருக்கிறாள்.

டாக்டர் ஜெய்சன் ஓர் அறக்கட்டளையின் துணையோடு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களுக்குப் பூச்சு இட்டுவந்தார். அந்தப் பற்களின் மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக்குக் குறுகிய பள்ளங்கள் உண்டு. பல் துலக்கும் பிரஷ் அங்கே எட்டுவதில்லை, மிட்டாயின் பாகு எட்டிவிடும். சொத்தை தொடங்குமிடம் அதுதான். பிசின் போன்றதொரு மருந்தால் அந்தப் பள்ளங்களை மூடி, நீல ஒளியைக் காட்டி இறுகச் செய்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ஊசியும் வலியும் கிடையாது. ஒரு பல்லுக்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தில் விட்டுக்கொடுக்க முடியாத விதி ஒன்று உண்டு. முதலில் பல்லின் மேல் அமிலக் களிம்பைத் தடவி, பிறகு அதை நீரைப் பீய்ச்சி நன்றாகக் கழுவ வேண்டும். கழுவிக் காற்றால் உலர்த்தினால் பல் சுண்ணாம்புபோல் வெளுத்துத் தெரியும். அப்போதுதான் மருந்து பிடிக்கும். இடையில் ஒரு துளி எச்சில் பட்டாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே ஆபிதாதான்.

தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இந்த முகாமை நடத்திவிட வேண்டுமென்று அவள் மூன்று ஆண்டுகள் நடையாய் நடந்தாள். பள்ளிச் செயலாளர் தாஜ் முகம்மது ஒவ்வொரு முறையும் ஏதேனும் சொல்லித் தள்ளிப்போட்டார். கடைசியில் அவர் இசைந்தபோது பிப்ரவரி முடிந்துவிட்டது. அறக்கட்டளை தந்த மருந்து மார்ச் மாத இறுதியோடு காலாவதியாகிறது. ஏப்ரலில் தேர்வு. பள்ளி ஒதுக்கித் தந்த ஒரே வாரமும் ரமலான் மாதத்தில் அமைந்தது.

“ஆபிதா, நோன்பு மாசமாச்சேம்மா. பிள்ளைங்க வாயில தண்ணி ஊத்தாம எப்படி வேலை செய்ய? அடுத்த வருசம் வச்சுக்கிடுவோமா?” என்று டாக்டர் ஜெய்சன் கேட்டார்.

“அடுத்த வருசம்னா தாஜ் காக்கா மறுபடியும் மனசு மாறிருவாங்க சார். ரெண்டாங்கிளாஸ், மூணாங்கிளாஸ் பிள்ளைங்கதானே. ஒண்ணு ரெண்டுதான் நோம்பு பிடிக்கும். நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் ஆபிதா.

முகாம் நாளன்று நோன்பு பிடித்தவர்கள் கையை உயர்த்தும்படி வகுப்பாசிரியை கேட்டார். அறுபத்தெட்டுப் பிள்ளைகளில் நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன.

“ஏலே, நீ எதுக்குக் கை தூக்குத? காலையில குழாயில வாய வச்சுத் தண்ணி குடிச்சல்லா!”

“குடிக்கல டீச்சர், வாய்தான் கொப்புளிச்சேன். அவன்தான் சஹர் சோத்துக்கே எந்திரிக்கல. அவங்க உம்மா சொன்னாங்க.”

“எந்திரிக்காட்டாலும் மனசுல நிய்யத் வச்சாச்சுல்லா!” என்றான் அந்த மற்றவன்.

நாற்காலியில் முதலில் வந்து அமர்ந்தவள் ஸமீஹா. ஆபிதாவின் அடுத்த வீட்டு ஷமீமின் மகள், ஏழு வயது. அவளுக்கு அன்று வாழ்நாளின் முதல் நோன்பு. மாலையில் நோன்பு திறக்கும்போது உறவினர் எல்லாரும் வருவதாக ஏற்பாடு. களிம்பைத் தடவியாயிற்று. நீர்க்குழாயை ஆபிதா கையிலெடுத்ததும் பிள்ளை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமி, தண்ணி உள்ள போயிட்டா நோம்பு முறிஞ்சிருமா?”

“போவாதுளா. நான் உறிஞ்சி எடுத்திருவேன்.”

“கொஞ்சூண்டு போயிட்டா?”

கேட்கும்போதே அவள் கண்களில் நீர் திரண்டது. அன்று ஆபிதாவும் நோன்பாளி. இத்தனை சிறிய பிள்ளை விடியலிலிருந்து காத்துவந்ததைத் தன் கையால் கெடுப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்து, களிம்பை வழித்து எடுத்தாள். மீண்டும் ஒருமுறை துடைத்தாள். எச்சிலை விழுங்கினாலும் நோன்பு முறிந்துவிடும் என்பது பிள்ளைகளிடையே உள்ள நம்பிக்கை. அப்படியில்லை என்று ஆபிதா எவ்வளவோ சொல்லியும் கேளாமல், ஸமீஹா இரண்டு முறை எழுந்து துப்பிவிட்டு வந்தாள். காற்றைப் பீய்ச்சிய பிறகும் பல் வெளுக்கவில்லை, ஈரத்தோடு பளபளத்தது. அந்தப் பளபளப்பை ஆபிதா கண்டாள். கண்டும் மருந்தை இட்டு, நீல ஒளியைக் காட்டினாள்.

“எனக்கும் அவளுக்கு மாதிரி துடைச்சே விடுங்க மாமி” என்று அடுத்த பிள்ளை கேட்டாள். அதைக் கேட்டு அவளுக்குப் பின்னால் நின்றவனும் கேட்டான். டாக்டர் ஜெய்சன் அடுத்த அறையில் மற்ற பிள்ளைகளின் வாயைச் சோதித்துக்கொண்டிருந்தார். பிற்பகலுக்குள் நாற்பத்தொரு வாய்களுக்கும் நீரின்றியே பூச்சு முடிந்தது. தன் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே சிறு புள்ளிகளை வைத்தாள். பெருநாள் கழிந்ததும் அழைத்துப் பார்த்து, விட்டுப்போனவற்றை மறுபடி இட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு.

பெருநாளுக்குப் பின் தேர்வு வந்தது, தேர்வுக்குப் பின் விடுமுறை. ஜூன் மாதத்தில் அறக்கட்டளை மணிமுத்தாறு பக்கத்துப் பள்ளிகளுக்கு வண்டியைத் திருப்பியது. புள்ளிகளின் பொருளை டாக்டரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாள் செல்லச் செல்லக் கூச்சம் அச்சமாக மாறியது. எல்லாம் பிடித்திருக்கக் கூடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழகினாள்.

முகாமில் பிள்ளைகளுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். சிரிக்கும் பல் படமும், பூச்சு இட்ட நாளும், கீழே ஆபிதாவின் கையெழுத்தும் அதில் இருந்தன. ஷமீம் அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். இரவில் பல் துலக்காமல் தூங்கிவிட்ட மகளை அவள் எழுப்புவதில்லை. “பூச்சு போட்டாச்சுல்லா, இனி என்ன?” என்பாள். அந்த அட்டையை நம்பி எத்தனை வீடுகளில் இப்படிச் சொன்னார்களோ, ஆபிதாவுக்குத் தெரியாது.

ஒன்றரை ஆண்டு கழிந்து, ஒரு காலையில் ஸமீஹாவின் வலது கன்னம் வீங்கியிருந்தது. ஷமீம் அவளை மருத்துவமனைக்கு அழைத்துவந்தாள். ஆபிதா சிறு கண்ணாடியை வாய்க்குள் நுழைத்துப் பார்த்தாள். பூச்சின் சுவடே இல்லை. பல்லின் நடுவில் பெருங்குழி. ஈறில் சீழ். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல் வேரோடு கெட்டுவிட்டதென்றும் எடுப்பதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார்.

“விழுந்தா முளைக்கிற பல்லுதானே டாக்டர்?” என்றாள் ஷமீம்.

“இல்லம்மா. இது முளைக்காது.”

பல்லை எடுத்து முடித்த பிறகு, டாக்டரின் அறைக்குள் போய் ஆபிதா பதிவேட்டை விரித்தாள். புள்ளிகளைக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு மாசத்துல திரும்பப் பூசியிருக்கலாமேம்மா.”

“தெரியும் சார்.”

“சரி. மீதி நாப்பது பேரையும் உடனே பாக்கணும். சின்னச் சொத்தையா இருந்தா அடைச்சிரலாம். விட்டா ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு பல்லு போவும், நெனச்சுக்கோ. நான் கூட வரட்டுமா?”

“வேண்டாம் சார். முதல்ல நானே போய்ச் சொல்லணும்.”

அன்று மாலையே ஷமீமின் வீட்டுக்குப் போனாள். வாயில் பஞ்சைக் கடித்தபடி ஸமீஹா படுத்திருந்தாள். தன் தவற்றை ஆபிதா மறைக்காமல் சொன்னாள். கழுவ வேண்டியதைக் கழுவாமல் துடைத்ததையும், பல் ஈரமாக இருந்ததைப் பார்த்தும் மருந்திட்டதையும் சொன்னாள். ஷமீம் இடைமறிக்காமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் இறுகியது.

“அப்ப எம்பிள்ள நோம்பு பிடிச்சதாலதான் பல்லு போச்சுன்னு சொல்லுதியளா லாத்தா?”

“இல்லளா, அப்படி இல்ல. நோம்பு மேல என்ன குத்தம்? அன்னைக்கு வேலைய நிறுத்தியிருக்கணும். நான் நிறுத்தல. குத்தம் என் கை மேல.”

“மொத நோம்புக்கு இருவது பேரக் கூப்பிட்டு வச்சு துஆ ஓதினோம். அதக் கொண்டாந்து இதோட முடிச்சுப் போடுதியளே. ஒங்க கையும் தொழுத கைதானா?”

ஆபிதா மறுபடியும் விளக்கத் தொடங்கினாள். விளக்க விளக்க அவளுடைய சொற்கள் நோன்பைச் சுற்றியே வந்தன. நோன்பைக் குறிப்பிடாமல் நடந்ததைச் சொல்ல வழியில்லை. குறிப்பிட்டாலோ, பழியை அதன்மேல் போடுவதாகவே கேட்பவர் காதில் விழுந்தது. இருபது ஆண்டுகளாக ஊருக்குப் பல்லைப் பற்றி எடுத்துச் சொன்ன நாவுக்கு இந்த ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டே நாளில் செய்தி தெருவெங்கும் பரவியது. பிள்ளைகள் நோன்பு வைத்ததால் பல் கெட்டதென்று ஆபிதா சொல்கிறாளாம் என்றார்கள் சிலர். அந்த மருந்தே பல்லை அரிக்கிறதாம் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் சேர்ந்து பள்ளிக்கூடத்தை எட்டியபோது, அனுமதி கேட்டுப் போன அவளைத் தாஜ் முகம்மது நாற்காலியில் அமரக்கூடச் சொல்லவில்லை.

“காக்கா, ஒரே ஒரு நாள் தாங்க. பூச வேண்டாம். வாயத் தொறந்து பாத்துட்டு மட்டும் போயிருதோம்.”

“பாத்துட்டு?”

“சொத்த ஆரம்பிச்சிருந்தா பாளையங்கோட்டையில வச்சு அடைச்சிரலாம். எங்க டாக்டரு ஒண்ணும் வாங்க மாட்டாரு.”

“நீ ஒரு வாயப் பாத்ததுக்கே இவ்வளவு பேச்சு. நாப்பது வாயப் பாத்தா இங்கன பள்ளிக்கூடமா நடத்த முடியும்? ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல, புள்ள. ஆனா கேட்டுக்குள்ள நீ வரக்கூடாது.”

“அந்தப் பிள்ளைங்க பல்லு போயிரும் காக்கா.”

“பல்லு போறது நசீபு, அல்லா எழுதினது. ஊரு ரெண்டாப் போனா யாரு பதில் சொல்ல?”

பதிவேட்டிலிருந்து நாற்பது பெயர்களையும் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வேலை முடிந்த மாலைகளில் ஆபிதா வீடு வீடாகப் போனாள். முதல் வீட்டில், தகப்பனார் ஊரில் இல்லை, அவரைக் கேட்காமல் முடியாது என்றார்கள். இரண்டாவது வீட்டில் பீடித் தட்டை மடியில் வைத்திருந்த பெண் தலையை நிமிர்த்தவேயில்லை. மூன்றாவது வீட்டில் தேநீர் கொடுத்து, ஊர் நிலவரம் விசாரித்து, பிள்ளையை மட்டும் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைக்கு வலியில்லையே என்றார்கள் பலர். வலி வந்தபின் பார்த்துப் பயனில்லை என்று அவள் சொன்னது மிரட்டலாகவே பட்டது. வாரம் ஒன்று கழிந்தபோது பதினேழு வீடுகளுக்குப் போயிருந்தாள். ஒரு வாயையும் பார்க்கவில்லை.

பதினெட்டாவது வீடு ஃபர்ஹத் என்ற சிறுமியுடையது. கதவைப் பாதி திறந்த தாய், ஆபிதாவைக் கண்டதும் கதவோடு தானும் சேர்ந்து நின்றுகொண்டாள்.

“ஒரு நிமிசம்தான்மா. இந்த டார்ச்ச அடிச்சு மட்டும் பாத்துக்கிடுதேன்.”

“எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் திங்கா. நீங்க போயிட்டு வாங்க.”

“சாயங்கால வெளிச்சத்துல நீங்களே பாருங்க. கடைசிப் பல்லுல கருப்பா இருந்தா...”

“போயிட்டு வாங்கன்னு சொல்லுதேன்லா.”

கதவு சாத்தப்பட்டது. ஆபிதா படியிறங்கித் திரும்பியபோது, தெருப்பக்கத்துச் சன்னல் கம்பிகளைப் பிடித்தபடி ஃபர்ஹத் நின்றுகொண்டிருந்தாள். முகாமில் தன்னைத் தட்டிக்கொடுத்த மாமியை அவளுக்கு நினைவிருந்தது. கேட்காமலேயே முகத்தைக் கம்பிகளுக்கிடையே பதித்து, வாயை அகலத் திறந்து காட்டினாள். மேற்கு வெயில் நேராக உள்ளே விழுந்தது. கீழ்வரிசையில் இடப்பக்கத்துக் கடைசிப் பல்லில் மிளகளவு பழுப்புக் குழி. இந்த மாதத்திற்குள் அடைத்தால் அந்தப் பல் பிழைக்கும்.

“மாமி, நல்லாருக்கா?” என்று சிறுமி பெருமையோடு கேட்டாள்.

ஆபிதா சன்னலை நெருங்கினாள். “ஃபர்ஹத்து, உம்மாகிட்டச் சொல்லு. பையப் பைய எடுத்துச் சொல்லு. ஒரு பல்லுல மட்டும்...”

உள்ளிருந்து ஒரு கை வந்து பிள்ளையைத் தோளோடு இழுத்தது. சன்னல் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. உள்ளே அடி விழும் ஓசையும், பிள்ளை அழும் குரலும் கேட்டன. ஆபிதா தாளை எடுத்து ஃபர்ஹத்தின் பெயருக்கு நேரே, கீழ் இடது, சிறு குழி, அடைக்கலாம் என்று எழுதினாள். எழுதிய பிறகு அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல், அழுகை ஓயும்வரை அந்தச் சன்னலடியிலேயே நின்றாள்.