தம்பியின் அளவு

என் தம்பி ஒரு பகலும் ஓர் இரவும்தான் உயிரோடு இருந்தான். அம்மா கண்விழிப்பதற்குள் அப்பா அவனை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய்விட்டார். அப்பா நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். தம்பிக்கென்று முன்கூட்டியே தைத்து வைத்திருந்த வெள்ளைப் பனியனைப் போட்டுத்தான் புதைத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. அதே கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்த அம்மா, வேலைக்குப் போனாள், வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவ்வளவுதான்.

ஒன்றரை வருடம் கழித்து, எனக்கு எட்டு வயது நடந்தபோது, ஈஸ்டருக்கு முந்தைய வாரம், சர்ச்சில் நடக்கும் ஞாயிறு பள்ளியில் டீச்சர் அக்கா ஒரு செய்தி சொன்னார். கடைசி நாளில் கல்லறைகள் திறக்குமாம். செத்தவர்கள் உடம்போடு எழுந்து வருவார்களாம். ஆவியாக இல்லை, கை கால் உள்ள உடம்போடு என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். மற்ற பிள்ளைகள் பயந்தார்கள். எனக்கு வேறு கவலை. தம்பி பிறந்த அதே வாரம் பிறந்த பக்கத்து வீட்டுப் பையன் தெருவில் ஓடித் திரிந்தான். தம்பியும் அவ்வளவு வளர்ந்திருந்தால், அந்தப் பழைய பனியன் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடுமே.

"அப்பா, தம்பிக்கு இப்ப என்ன சைஸ் சரியா இருக்குமுங்க?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"எதுக்கு கண்ணு?"

விளக்கமாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. மறுநாள் கம்பெனியில் மிஞ்சிய துணியில் இரண்டு வயதுப் பிள்ளைக்கான பனியன் ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்தார். அம்மா அதை வாங்கி உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தாள். கழுத்தோரம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை வெட்டினாள். மடித்து என்னிடம் கொடுத்தாள்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து எல்லோரும் பாஸ்டருக்குக் கைகொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அம்மா நகரவில்லை.

"ஏனுங்க பாஸ்டர், என்ற பையன் எந்திரிச்சு வாறப்ப கொழந்தையா இருப்பானுங்களா, வளந்திருப்பானுங்களா? பாத்தா எனக்கு அடையாளம் தெரியுமுங்களா?"

பாஸ்டர் தெற்கிலிருந்து புதிதாக வந்த இளைஞர்.

"வயசு எனக்குத் தெரியலம்மா. வேதத்துல அது இல்ல. விதைக்கிறது ஒரு மாதிரி, மொளைச்சு வாறது வேற மாதிரின்னுதான் இருக்கு. ஆனா அதே ஆளுதான். உயிர்த்தெழுந்த ஏசுவையே மரியாள் தோட்டக்காரர்னுதான் நெனச்சா. அவர் அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிஞ்சுக்கிட்டா."

"இவனுக்குப் பேரே வெக்கலீங்களே," என்றாள் அம்மா.

பாஸ்டர், "இப்பவும் வைக்கலாம்மா," என்றார்.

அங்கிருந்து நேராக மூவரும் அப்பாவின் வண்டியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மா அந்த இடத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தாள். பெயர்ப் பலகை ஏதும் இல்லாத அவ்வளவு மேடுகளுக்கு நடுவே அப்பா தேடவே இல்லை. நேராகப் போய் ஒன்றின் அருகே நின்றார். அம்மா மண்டியிட்டு, இரண்டு கைகளையும் மண்ணில் வைத்து, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயர் அது. மூன்று முறை கூப்பிட்டாள். நான் பனியனை விரித்துப் பிடித்துக்கொண்டு மண்ணையே பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா எழுந்தாள்.

"பசிக்குதுங்க," என்றாள் அப்பாவிடம். "எங்காச்சும் சாப்பிட்டுட்டுப் போலாமா?"

எனக்குக் கோபமாக வந்தது. கூப்பிட்டவன் இன்னும் வரவில்லை, அதற்குள் இவளுக்குச் சாப்பாடு கேட்கிறது. ஓட்டலில் அம்மா இரண்டாவது தோசை சொன்னாள். நான் அவளோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவுசெய்து, என் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் தன் தட்டைத் தொடவில்லை. அம்மா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் ஏன் கலங்கியிருந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவரும் என்னைப் போலத் தம்பி வராத கோபத்தில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.