கிராஃபிக்ஸ் கார்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

அன்று பாகூரில் என் வீடியோ கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி தேவகி, செலியமேட்டுக் கரும்பு விவசாயி தணிகாசலம், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மணப்பட்டு அந்தோணி. நடுவில் மேஜை மேல், இன்னும் திறக்கப்படாத என் கம்ப்யூட்டர்.

தணிகாசலம் மகளின் கல்யாண வீடியோவை நான்தான் எடிட் செய்கிறேன். சம்பந்தி வீட்டார் பிரான்ஸில் இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்குள் பென் டிரைவ் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ரெண்டர் போட்டேன் — வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே படமாகச் சேர்க்கும் வேலை. அதில் பாதிச் சுமையைத் தூக்குவது கிராஃபிக்ஸ் கார்டு. ஆறு சதவீதம் வந்தது. திரை கறுத்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடியும் ஆறு. கறுப்பு. மூன்றாவது தடவை போட எனக்குத் தைரியமில்லை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்ப்யூட்டரில் தெரிந்ததெல்லாம் தொட்டுத் தொட்டுக் கற்றது. அதனால் எது நின்றாலும் என்னால்தான் நின்றது என்று முதலில் தோன்றும். கார்டு போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

இருபத்தெட்டாயிரத்துக்கு வாங்கியது. போனில் தேடினால் அதே ரகம் இப்போது நாற்பத்தொன்று. புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். நாற்பத்து மூன்று. "இது இன்னிக்கு விலைண்ணா. நாளைக்கு இன்னா சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வரி போதாதா எனக்கு?

தேவகி இரண்டு வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மேஜை மேல் வைத்தாள்.

"அடகு வெச்சுட்டு வாங்க. வேல முக்கியம்."

"அந்தோணி வந்து பாக்கட்டும்" என்றேன்.

அந்தோணி திருபுவனை ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து நேராக வந்தார், யூனிபாரத்தோடு. அவருக்கு முன்பே தணிகாசலம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரே சந்தேகம்.

"ஏம்பா, வாங்குன பொருளு நாளாக நாளாக வெல எறங்கணும். டிவி எறங்குது, போனு எறங்குது. இது மட்டும் இன்னாத்துக்கு ஏறுது?"

அந்தோணி பையைத் திறந்துகொண்டே சொன்னார். "முன்னாடி கம்ப்யூட்டர்ல பிட்காயின் தோண்டுறவன் லாட் லாட்டா வாங்கினான். இப்ப ஏஐ கம்பெனிக்காரன். இதுல இருக்குற மெமரி சிப்பு இருக்குல்ல, அத செய்யுறதே உலகத்துல நாலஞ்சு பேரு. கேக்குற வெலய குடுத்து ஏஐக்காரனுங்க மொத்தமா அள்ளிக்கிறானுங்க. மிச்சம் மீதிக்குத்தான் கேம் ஆடுற பசங்களும் நம்ம அண்ணனும் அடிச்சிக்கிறாங்க. டாலர் வேற ஏறிப்போச்சு."

தணிகாசலம் தொடையைத் தட்டினார். "அப்ப ஆலைக்காரன் மொத்தக் கரும்பயும் எடுத்துட்டா, ரோட்டுல சாறு பிழியுற வண்டிக்காரன் கதி." என்னைப் பார்த்தார். "நீ சாறு வண்டிக்காரன்பா."

எத்தனையோ பேர் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அந்தோணி பக்கத் தகட்டைக் கழற்றினார். டார்ச் அடித்தார். அப்படியே நின்றார்.

"அண்ணா... இன்னாது இது?"

எட்டிப் பார்த்தேன். கார்டில் இரண்டு ஃபேன். இரண்டின் நடுவிலும் உருண்டையாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம். வழிந்து ஓரத்தில் இறங்கி, சிமெண்ட் மாதிரி இறுகிப்போயிருந்தது.

ஆயுத பூஜை.

எல்லோரும் கம்ப்யூட்டருக்கு வெளியேதான் பொட்டு வைப்பார்கள். நான் யோசித்தேன்... உள்ளே இருக்கும் விலை உயர்ந்த பொருளை விட்டுவிட்டுத் தகரப் பெட்டிக்குப் பொட்டு வைத்தால் சாமி எதைக் காப்பாற்றும்? திறந்து, நன்றாகக் குழைத்து, தாராளமாக வைத்தேன். புரட்டாசியில் கல்யாண வேலை இல்லை. கார்டும் சூடாகவில்லை. ஐப்பசியின் முதல் வீடியோ தணிகாசலம் வீட்டுடையது. ஃபேன் சுற்றாமல் வெந்துபோய், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது அணைந்திருக்கிறது.

"நாங்களும் ஃபாதரக் கூட்டியாந்து வண்டிக்குத் தண்ணி தெளிப்போம்ணா" என்றார் அந்தோணி. "இஞ்சினத் தொறந்து ஊத்த மாட்டோம்."

தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தணிகாசலம் பொத்திக்கொள்ளவில்லை.

பல் துலக்கும் பிரஷ், காது குடையும் பஞ்சு, கொஞ்சம் ஸ்பிரிட். முக்கால் மணி நேரம் சுரண்டினார். சிப்புக்கு மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினார். விரலால் சுண்டினார் — ஃபேன் சுற்றியது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

ரெண்டர் போட்டோம். ஐந்து. ஆறு... நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏழுங்க" என்றாள் தேவகி.

நூறு வரும்வரை யாரும் எழுந்து போகவில்லை. வளையல் இரண்டும் அவள் கைக்குத் திரும்பின. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டே வண்டி ஏறினார் தணிகாசலம். சம்பந்தி வீட்டார் அதோடு ஞாயிறு விமானத்தில் போய்விட்டார்கள்.

அதன்பிறகு ஒன்று யோசித்தேன். ஏஐ கம்பெனிகள் ஒரு பக்கம் விலை ஏற்றட்டும். இன்னொரு பக்கம், நாளைக்கு இன்னும் ஏறும் என்ற ஒரு சொல்லுக்கு வளையலைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருக்கும் நானும்தானே ஏற்றுகிறேன்? இருப்பது ஓடுகிறதா என்று முதலில் திறந்து பார்த்திருக்கலாம். பயந்தவனுக்கு அது தோன்றாது.

நேற்றும் விலை பார்த்தேன். பழக்கம் விடவில்லை. நாற்பத்தைந்து ஆகிவிட்டது. ஏறட்டுமே...

அந்தோணி அன்று பேஸ்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் மட்டும்தான் காசு கேட்டார். என்னிடம் சில்லறை இல்லை, போனில் அனுப்பலாமென்றால் அவர் போனில் சார்ஜ் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு வகையில் நான் இன்னும் தர வேண்டிய பாக்கி — நூற்றைம்பது ரூபாய்.