விளக்கு வைத்த பிறகு கரப்பானுக்கு விருந்து

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். அவருக்கு இளைப்பு வந்ததும் மண்டித் தூசிதான் என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிட்டது. வேலையை விட்டுவிடச் சொல்லி ஆளாளுக்கு புத்தி வேறு. விட்டால் சோற்றுக்கு யார் எடை போடுவது?

விழுப்புரத்து டாக்டரம்மா மட்டும், மூச்சு எப்போது முட்டுகிறது என்று கேட்டார். விடியற்காலையில், வீட்டில் என்றேன். உடனே தோலில் சோதித்துப் பார்த்தார். கரப்பான் ஒவ்வாமையாம். எந்த வீட்டில் கரப்பான் இல்லை என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதன் எச்சமும் உரித்த தோலும் பொடியாகித் தரையில் கிடக்கும், கிளம்பினால் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்றார். மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

ஜல்தியாக வந்து ஸ்ப்ரே அடித்தேன். இவருக்கு இருமல்தான் கூடியது. கொஞ்ச நாளில் குட்டிக் கரப்பான்கள் ஓடின. கிரைண்டருக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்தால், காராமணி மாதிரி முட்டைக்கூடுகள். அந்த ஓட்டுக்குள் மருந்து இறங்காது போலிருக்கிறது. பெட்டிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினேன்.

ஆனால் தீனி இருக்கிறதே. எங்கள் வீட்டில் விளக்கு வைத்தால் துடைப்பம் தொடக்கூடாது, மகாலட்சுமி போய்விடுவாள். ராத்திரி சிந்தின சோறு மூலையிலேயே கிடக்கும். விடிந்ததும் மாமியார் சரக்சரக்கென்று பெருக்குவார். பக்கத்திலேயே பாயில் படுத்திருப்பார் இவர். விடியற்காலையில் ஏன் மூச்சு முட்டுகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மாமியாரிடம் சண்டைக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"நான் துடைப்பத்தைத் தொடலை அத்தை. ஈரத்துணியால தொடைச்சா மகாலட்சுமி கோச்சிக்குவாங்களா?"

மாமியார் தன் மகன் படுக்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"துணிய நல்லா புழிஞ்சிக்கினு தொடை. வர்ற மகாலட்சுமி வழுக்கி வுழுந்துடப் போறாங்க."

இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் துடைக்கிறேன். விடியற்காலையில் மாமியார். துணி பிழியும் சத்தத்துக்கு இவர் புரண்டுகூடப் படுப்பதில்லை. எழுந்து மண்டிக்குப் போகிறார். கரப்பான் இன்னும் முழுக்க ஒழியவில்லை. நானும் விடுவதாக இல்லை.