டிரில் மாஸ்டரின் கொய்யாமரம்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்த செல்வத்தோடு நின்றிருந்தேன். எங்கள் பழைய டிரில் மாஸ்டருக்குப் பாராட்டு விழா. போர்த்தவேண்டிய பொன்னாடை என் பையில் இருந்தது. செல்வம் ஆயக்குடிக் கொய்யாவை மிளகாய்ப்பொடி தொட்டுக் கடித்தான். அந்த வாசனை ஏறியதும் நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் ராணுவ உறைவிடப் பள்ளியில் படித்தோம். மாஸ்டர் வீட்டு வாசலில் ஒரு கொய்யாமரம். ஒருநாள் பழம் காணோம் என்று ஹாஸ்டல் மொத்தத்தையும் சரளைக்கல் மைதானத்தில் உருளவிட்டார். எடுத்தவன் ஒத்துக்கொள்ளும்வரை நிறுத்தமாட்டாராம். முழங்கையெல்லாம் தோல் உரிந்தது. ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்துவிட்டு, திண்டுக்கல் பக்கத்து அகரத்துக்காரன் ஆரோக்கியம் எழுந்து, "நாந்தேன் சார்" என்றான். அவன் மரத்தின் பக்கமே போனதில்லை.

"இதாண்டா கேரக்டர்!" என்று எங்களைக் கைதட்டவைத்தார் மாஸ்டர். மறுநாள் அவனுக்குத் திருடன் பட்டம் கட்டி, டி.சி. கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாரமே கிளிகள் அதே மரத்தில் பழம் கொத்துவதை மாஸ்டரிடம் காட்டினேன்.

"தெரியும்டா. யாராச்சும் ஒருத்தன் முன்னால வரணும்ல? அதுதான் ட்ரெயினிங்" என்றார்.

தெரியுமாம்! தெரிந்தேதான் ஒரு பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டிருக்கிறார்.

"விழாவுக்கு ஆரோக்கியத்தைக் கூப்ட்டீங்களாடா?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"யாரு, அந்தக் கொய்யாத் திருடனையா?" என்று மென்றுகொண்டே சிரித்தான்.

பொன்னாடையை அவன் தோளிலேயே போட்டுவிட்டு, விழாவுக்குப் போகாமல் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினேன்.