அரை மணிக்கொரு தரம் நின்ற ஜெனரேட்டர்

என் கணவர் ஒரு பழைய கேரவன் வாங்கினார். சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு ஓடி ஓய்ந்த வண்டி. உள்ளே ஒரு கட்டில், இத்துனூண்டு சமையல் மேடை, குளியலறை, ஏ.சி. லீவு கிடைத்தால் ஏலகிரி, ஏற்காடு என்று கிளம்பிவிடலாம் என்பது திட்டம். அதுவரை அயனம்பாக்கத்தில், எங்கள் ஃபிளாட்டை ஒட்டியிருந்த காலிமனையில் ஏரியைப் பார்த்தபடி நின்றது.

அப்பா அப்போது எங்களோடு இருந்தார். அக்கா பிரசவத்துக்காக அம்மா பெங்களூர் போயிருந்தாள். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரச் சொன்னால் உடம்புக்கு வந்துவிடும். வண்டியைப் பார்த்த அன்றே, குளியலும் துணி துவைப்பதும் இனி அதில்தான் என்று அறிவித்துவிட்டார்.

“மலைமேல போய் நின்னுட்டு குழாய் ஒழுகுதுன்னா யாரைக் கூப்பிடுவீங்க? எல்லாத்தையும் இங்கேயே பழகிப் பார்த்துடணும்.”

கணவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். ஏ.சி.யைப் போட்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு ஆபீஸ் வேலை. மாமனாரும் மருமகனும் புதுக்குடித்தனம் போனதுபோல இருந்தது.

ஜெனரேட்டர்தான் படுத்தியது. வண்டியின் பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. காலையில் ஜோராகக் கிளம்பும். அரை மணி ஓடும். அப்புறம் நின்றுவிடும். மீட்டிங்கில் கணவர் பாதி வாக்கியத்தோடு காணாமல் போவார். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும்.

“ஆயில் கம்மியா இருக்கும்,” என்றார் அப்பா. புது ஆயில் ஊற்றினார்கள். நின்றது. “பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் மாமா.” பெட்ரோலை மாற்றினார்கள். நின்றது. ஏர் ஃபில்டரைக் கழுவினார்கள், பிளக்கைப் புதிதாகப் போட்டார்கள். தொட்டால் கை பொரிந்துபோகிற சூட்டில்தான் ஒவ்வொரு தடவையும் நின்றது. மே மாத மெட்ராஸில் எதுதான் சூடாக இல்லை என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அன்றைக்குப் பார்த்து அது நிற்கவே இல்லை. மெக்கானிக் டீ குடித்தார், போன் பேசினார், காதை வைத்துக் கேட்டார்.

“இன்னா சார், சூப்பரா ஓடிகினு கீது. இதுக்காண்டியா கூப்ட்டீங்கோ?”

அவர் போன மறுநாள் காலை மறுபடி நின்றது. கணவருக்கு வெறுத்துவிட்டது. “இது ஆளைப் பார்த்து வேலை செய்யுது மாமா. பேசாம வித்துடலாம்.”

அப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “ஒரு நாள் பொறுங்க மாப்ளே,” என்றார். அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை. எனக்குத்தான் பாவமாக இருந்தது.

மறுநாள் இருவருக்கும் இட்லி எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாகப் போகும் கேட் பக்கம் தண்ணீர் லாரி அடைத்துக்கொண்டு நின்றதால் ஏரிப் பக்கமாகச் சுற்றிப் போனேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெட்டியில், சூடான காற்று வெளியே வருகிற கம்பித் தடுப்பின்மேல், அப்பாவின் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கனமான பூத்துண்டு. பறக்காமலிருக்க நாலு முனையையும் கம்பிக்குள் பாந்தமாகச் செருகியிருந்தார். வழியில்லாத காற்று அதை முட்டிமுட்டி உப்பவைத்தது.

தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. நான் கையை எடுக்கவும் ஜெனரேட்டர் ஒரு தரம் இருமிவிட்டு நிற்கவும் சரியாக இருந்தது.

அப்பா ஓடிவந்தார். வந்ததும் முதல் வேலையாகத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறக்கக் குனிந்தார்.

“அப்பா, துண்டை தினமும் இங்கேயா காயப்போடுறீங்க?”

“ஆமாம்மா. நல்ல அனல் வருது. வெயிலைவிடச் சீக்கிரம் காயுது. இது நின்னா எடுத்துக்குவேன், ஓட ஆரம்பிச்சதும் திரும்பப் போட்டுடுவேன்.”

“மெக்கானிக் வந்த அன்னிக்கு?”

“அன்னிக்கு எங்கே குளிச்சேன்? அவர் விடிஞ்சதுமே வந்துட்டாரே…”

துண்டைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். காதில் ஹெட்ஃபோனோடு இறங்கி வந்த கணவரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“சிரிங்க மாப்ளே, சிரிங்க,” என்றார் அப்பா. “சூடு போற வழியை அடைச்சு வச்சுக்கிட்டு, ஏன் சூடாவுதுன்னு நானே தேடியிருக்கேன்.” அவரே முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் எங்களாலும் அடக்க முடியவில்லை. “அந்த மண்ணூர்பேட்டைக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

ஆறியதும் கிளப்பினார்கள். மத்தியானம் வரை நிற்காமல் ஓடியது. மறுபடி நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டே நான் சாம்பார் சாதத்தையும் ரசத்தையும் அங்கேயே எடுத்துப் போனேன். மூன்று பேரும் ஏ.சி. காற்றில் சாப்பிட்டோம். அப்பா இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாதக் கடைசியில் ஏலகிரிக்குப் போனோம். அங்கே சிலுசிலுவென்று காற்று, ஏ.சி.க்கே வேலையில்லை. போர்வைக்குத்தான் அடிதடி. ஆனாலும் இரண்டாம் நாள் காலை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனார்.

“எங்கேப்பா?”

“சும்மா கொஞ்ச நேரம் ஓட விடறேன். இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கோம்,” என்றார்.