கிளட்ச் மிதியின் ரப்பர்

எங்கள் பழைய காரில் கிளட்ச் மிதியின் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கத்திலிருக்கும் பிரேக்கின் ரப்பரில் வரிகள் அப்படியே இருந்தன. தினமும் பார்த்தோம், யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அப்பா அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏலக்காய் வியாபாரிகள், தேனி ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள், சின்னமனூர்ப் பக்கம் கல்யாண வீட்டார் என்று ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். உத்தமபாளையத்தில் அந்த ஓட்டத்தில் வந்த காசில்தான் படித்தேன். இதை எங்கே சொன்னாலும் தலைநிமிர்ந்தே சொல்வேன்.

கடைசி வருடம் படித்தபோது கார் மலையேற முரண்டு பிடித்தது. இன்ஜின் இரையும், வேகம் கூடாது, கருகல் வாடை அடிக்கும். கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று மெக்கானிக் மாமா புதிது போட்டார். கொஞ்ச நாளில் அதுவும் கருகியது. மறுபடி மாற்றிய அன்று அப்பா பட்டறையில் சத்தம் போட்டார்.

"ஏலே, டூப்ளிகேட் பிளேட்ட என் தலையில கட்டுறியா?"

மாமா வண்டியில் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். இன்ஜின் ஒரு உதறு உதறி அணைந்தது.

"பாத்தீகளா? பிளேட்டு புடிக்குது. வழுக்குனா இன்ஜின் ஓடிக்கிட்டேல்ல இருக்கும்? ஆயில் கசிவும் இல்ல. ஒங்க காலுக்கும் கிளட்சுக்கும்தாண்ணே கல்யாணம் ஆயிருச்சு போல."

அப்பா முகம் சுருங்கியது. கியர் மாற்றியதும் காலை எடுத்துவிட வேண்டும். சும்மா வைத்திருந்தாலே போதும், பிளேட் உரசி உரசிக் கருகும். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்வது அது. மலைப்பாதையிலேயே காலம் தள்ளியவரிடம் சொல்கிற பேச்சா?

மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஆத்தா, நான் பாத்தா அண்ணன் கோவப்படுவாக. நீ முன்னாடி ஒக்காந்து அந்த எடது கால மட்டும் பாரு."

குமுளி மலையில் அப்பா ஒவ்வொரு முறை கியர் மாற்றிய பிறகும் அந்தக் கால் மிதிமேலேயே கிடந்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் ஓட்டம் நின்றுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"காலை எடுங்கப்பா."

"எடுத்துட்டேனே ஆத்தா. தரையிலதான இருக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார், குனிந்து தன் காலைப் பார்த்தார். வளைவு தாண்டி ஓரம்கட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டே, "கட்ட வெரல கிள்ளு பாப்போம்" என்றார்.

நகம் பதியக் கிள்ளினேன்.

"கிள்ளு ஆத்தா."

"கிள்ளிட்டேன்ப்பா."

சர்க்கரை நரம்புகளைத் தின்றுவிட்டது, இனி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். கார் வாசலில் நின்றது. அம்மா ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறினார். நான் படித்து முடித்தேன்.

இப்போது தேனியில் வேலை பார்க்கிறேன். அந்தக் காரை நான்தான் ஓட்டுகிறேன். வாரந்தோறும் அப்பாவைக் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றக் கூட்டிப்போகிறேன். வேலை, ஆஸ்பத்திரி, வீடு என்று சுற்றி வருவதற்குள் உடம்பு அடித்துப்போட்டது போலாகிவிடுகிறது. இறங்கும்போது செருப்பு காலில் இருக்கிறதா என்று அவர் கண்ணால் பார்த்துக்கொள்வார். அவர் மறந்தால் நான் பார்ப்பேன்.

போன வாரம் கால் வழுக்குகிறதென்று கிளட்ச் மிதிக்குப் புது ரப்பர் போட்டேன். "நல்லாத்தான இருந்துச்சு, எதுக்கு மாத்துன?" என்று அப்பா சலித்துக்கொண்டார். நான் களைத்திருந்தேன். பழையதை அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் அதைத் தடவினார். திருப்பித் திருப்பித் தடவினார்.

"இம்புட்டா தேஞ்சிருக்கு?" என்றார்.