பிளேட்டுக்கு வைத்த தேசிக்காய்

கனடாவின் மல்வேர்னில் எங்களைப் போல ஐஸே கதியென்று கிடந்த இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்ததாக எனக்குத் தெரியாது. அப்பா ஸ்கேட்டிங் அரீனாவில் ஐஸ் தரையை மட்டப்படுத்தும் மெஷின் ஓட்டினார். ஓய்வு நேரத்தில் அங்கேயே மற்றவர்களின் ஸ்கேட் சப்பாத்துக்கு அடியிலுள்ள இரும்புப் பிளேட்டுகளைத் தீட்டிக் கொடுத்தார். அம்மா சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஐஸில் விழாமல் நிற்கப் பழக்கினார். அக்கா ஐஸ் நடனம் ஆடினாள். நான் ஹொக்கி விளையாடி இரண்டு பற்களை இழந்திருந்தேன்.

எனக்குப் பதினைந்து வயதானபோது அக்காவோடு ஆடிக்கொண்டிருந்தவன் இன்னும் கட்டையான ஒருத்தியைத் தேடிப் போய்விட்டான். ஐஸ் நடனத்தில் பெண்கள் ஏராளம், ஆண்களுக்குத்தான் பஞ்சம். நேராக நிற்கத் தெரிந்த எவனும் கனடா சிற்றிசன்ஷிப் உள்ள மாப்பிள்ளை மாதிரி. அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உவனுக்குக் கால் ரெண்டும் இருக்குத்தானே," என்றார்.

என் கலைப் பயணம் அப்படித்தான் தொடங்கியது.

பயிற்சி விடியற்காலையில். பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு பாடத்துக்கும் மேசையில் தலை வைத்துத் தூங்குவேன். பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். ஒருமுறை இடுப்பு எலும்பில் வெடிப்பு வந்தது; ஆறு கிழமை படுத்திருந்துவிட்டுத் திரும்பவும் போனேன். அதைவிடக் கஷ்டம் முகபாவம். நடுவர்களுக்குக் காதல் தெரியவேண்டும். குளியலறைக்காகத் தினமும் சண்டை பிடிக்கும் சொந்த அக்காவை டாங்கோ இசைக்கு ஏக்கத்தோடு பார்க்கவேண்டும். நான் அவளது நெற்றிப் பருவைப் பார்த்துக்கொண்டு புட்டையும் மீன் குழம்பையும் நினைப்பேன். எங்களிடம் ஆழமான உணர்வு இருப்பதாக நடுவர் ஒருவர் சொன்னார்.

ஆறாவது வருடம். வட்டாரப் போட்டியில் முதல் நான்கு சோடிகளுக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அதற்கு முன் இரண்டு தரம் ஐந்தாவதாக வந்திருந்தோம்.

"இந்த முறையும் இல்லையெண்டால் நான் விடுறன்," என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளுக்கு நேர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. எனக்கு எதுவும் கிடைத்திருக்கவில்லை.

அப்பா இருவருக்கும் புதுப் பிளேட் பூட்டியிருந்தார். போட்டியன்று, வேறோர் ஊர் அரீனாவின் உடைமாற்றும் அறையில், ரப்பர் விரிப்பின்மேல் நான்கு தேசிக்காய்களை வரிசையாக வைத்தார்.

"அப்பா, உது புது வான் வாங்கினா சில்லுக்குக் கீழ வைச்சு நசிக்கிறது," என்றாள் அக்கா.

"ஓடுற எதுக்கும் செய்யலாம்."

"ரெண்டு கிழமையா இதிலதானே ஓடுறம்?"

"பிராக்டிஸ் கணக்கில்லை. மிதி பிள்ளை."

சீமெந்தில் பட்டால் பிளேட் போச்சு என்று அரீனா முழுவதற்கும் பாடம் எடுப்பவர் அவர். நான் மிதித்தேன், என்னுடையவை ஒழுங்காகப் பிளந்தன. அக்காவின் இடது காலுக்குக் கீழே தேசிக்காய் உருண்டது. கால் விரிப்பைத் தாண்டிச் சீமெந்துத் தரையில் இறங்கியது. சின்னதாக ஒரு சத்தம். அப்பா குனிந்து தோல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆடத் தொடங்கிய சற்று நேரத்தில் அவளது இடது கால் பிடியில்லாமல் வழுக்கியது. பிளேட்டின் உள்விளிம்பு போயிருந்தது. பிளேட் பழுதானால் ஆட்டத்தை நிறுத்தி நடுவரிடம் சொல்லலாம்; விதியில் அதற்கு இடமுண்டு.

"நிப்பாட்டுவமோ?" என்று அவள் காதுக்குள் கேட்டேன்.

"நிப்பாட்டி என்னெண்டு சொல்லுறது? தேசிக்காய் எண்டோ? இறுக்கிப் பிடியடா."

பிடித்தேன். இடது காலில் திரும்பவேண்டிய இடமெல்லாம் அவளுடைய முழுப் பாரமும் என் தோளுக்கு வந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக வேறெதையும் நினைக்காமல் ஆடினேன். அவள் ஒருமுறைகூட விழவில்லை. மறுபடியும் ஐந்தாவதாக வந்தோம்.

வெளியே அப்பா அவளது பிளேட்டின்மேல் பெருவிரல் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் நின்றது.

"ஐஸுக்குள்ள கல்லொண்டு கிடந்தது," என்றாள் அக்கா.

அப்பா பிளேட்டைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஓம்," என்றார் பிறகு. "இவங்களுக்கு ஐஸ் போடத் தெரியாது."

அக்கா சொன்னபடியே விட்டாள். அந்தக் கிழமைக்குள் மூன்று வீடுகளிலிருந்து தொலைபேசி வந்தது. சோடியில்லாத பெண்களின் தாய்மார். உயரம் என்ன, நிறை என்ன, தூக்கினால் கை நடுங்குமா என்றெல்லாம் விசாரித்தார்கள். படிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூவரில் மொன்றியல்காரிக்கு என் உயரம் பொருந்தியது; அவளோடு ஆடப் புறப்பட்டேன். அக்கா என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டாள். அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.